மானியமா, கடனா?

பிள்ளை ஒன்று பிழை செய்துவிட்டால் ஊர் முதலில் கேட்கும் கேள்வி, “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே. வீடு இன்னதென்று தெரிந்ததும் ஊருக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. பொறுப்பு அந்த வீட்டு வாசலில் இறக்கி வைக்கப்படுகிறது. ஏனையோர் தத்தம் கதவை அடைத்துக்கொள்கின்றனர். தந்தை தலைகுனிகிறார், தாய் முந்தானையில் முகம் புதைக்கிறாள். ஊரோ, தனக்கு இதில் கணக்கு ஏதுமில்லை என்று உறங்கப் போய்விடுகிறது.

இக்கால அரசுகள் அவ்வளவு எளிதில் கதவை அடைத்துக்கொள்வதில்லை. தவறிழைத்த சிறாரைத் திருத்தவும், தவறும் நிலையிலுள்ள சிறாரைத் தடுத்துக் காக்கவும் கருவூலத்திலிருந்து பணம் ஒதுக்குகின்றன. இப்பணத்திற்கு மானியம் என்று பெயர். நம் தமிழில் மானியம் என்ற சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. மன்னர் மனமுவந்து அளித்த நிலம் மானியம். கோயில்களுக்கும், பள்ளிவாசல்களுக்கும், தர்காக்களுக்கும் அவ்வாறு வழங்கப்பட்டவை பல. மானியத்தில் கொடுத்தவர் புகழ் பெறுவார். பெற்றவர் நன்றி சொல்வார். கொடுக்காமல் விட்டிருந்தாலும் கொடாதவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது.

பிழைத்த பிள்ளைக்காகப் பொதுப்பணத்திலிருந்து செலவிடப்படும் தொகை உண்மையில் இத்தகைய கொடைதானா? அன்றி, கொடுத்தே தீர வேண்டிய கடனா? சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். சொல் மாறினால் கொடுப்பவரின் நிலை மாறும்; கணக்குக் கேட்பவர் மாறுவார்; அப்பிள்ளையின் கதியே மாறும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிக்ஹு காட்டும் வழி

நம் ஷரீஅத்தின் பார்வையை முதலில் காண்போம். உறங்குபவர், பருவம் எய்தாதவர், சித்தம் தெளியாதவர் ஆகிய மூவர்மீதும் வினைப்பதிவு இல்லை என்பது நபிமொழி வழியே நாம் அறிந்த நெறி. இதனால் பருவம் எய்தாத பிள்ளைமீது ஹத்து என்னும் வரையறுத்த தண்டனை இல்லை. உயிருக்கு உயிர் வாங்கும் கிஸாஸும் இல்லை. நான்கு மத்ஹபுகளுக்கும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால், பிள்ளை இழைத்த தீங்கு இல்லாமற் போய்விடுமா? அதுவும் இல்லை. சிறுவன் எறிந்த கல்லால் ஒருவர் கண்ணிழந்தால் அக்கண் இழந்த கண்ணே. அவருடைய உரிமை பிள்ளையின் வயதைக் காரணம் காட்டி அழிக்கப்படுவதில்லை. தண்டனை நீங்கும், ஈடு நீங்காது. அப்படியானால் அந்த ஈட்டைக் கொடுப்பவர் யார்?

இங்கேதான் நம் சட்ட அறிஞர்கள் வியக்கத்தக்க ஒரு வழியைக் காட்டுகின்றனர். உயிருக்கும் உறுப்புக்கும் நேர்ந்த இழப்பில், பிள்ளை வேண்டுமென்றே செய்ததையும் தவறுதலாகச் செய்ததாகவே ஹனஃபி அறிஞர்கள் கருதுவர். அதற்குரிய தியத் என்னும் ஈட்டுத்தொகையைச் செலுத்த வேண்டியது ‘ஆகிலா’ எனப்படும் சுற்றத்தார் குழு. பகுத்தறியும் வயதுப் பிள்ளை வேண்டுமென்றே செய்தது குறித்து ஷாஃபிஈ மத்ஹபில் வேறு கருத்து உண்டு. ஆயினும், தவறுதலாக நேர்ந்ததற்கு ஆகிலாவே பொறுப்பு என்பது அங்கும் நிலைத்த சட்டம்.

செய்தவன் ஒருவன், செலுத்துவோர் பலர். இது நீதியா என்று ஐயம் எழும். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்று கற்பிக்கும் மார்க்கத்தில் இது எவ்வாறு பொருந்தும்? ‘ஹிதாயா’ நூலாசிரியர் இமாம் மர்ஃகீனானி (ரஹ்) இதற்குக் காரணம் கூறுகிறார். ஒருவன் எச்சரிக்கையின்றி நடப்பது, தனக்குப் பின்னால் ஆட்கள் இருக்கின்றனர் என்னும் பலத்தினால். அந்த ஆட்களோ அவனைக் கண்காணிக்கத் தவறினர். ஆகவே அவர்களும் குறைவு செய்தவர்களே என்பது அவர் விளக்கத்தின் சாரம். அதாவது, ஆகிலா பிறருடைய பாவத்தைச் சுமக்கவில்லை. தன்னுடைய அலட்சியத்திற்கே விலை கொடுக்கிறது.

இன்னும் ஒரு படி உண்டு. ஆகிலா என்பது தொடக்கத்தில் குலமாக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் தீவான் என்னும் படைப்பதிவேட்டை ஏற்படுத்தியபின், ஒரே பதிவேட்டில் உள்ளோர் ஒருவருக்கொருவர் ஆகிலாவாயினர் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. குலமும் இல்லை, பதிவேடும் இல்லை என்ற நிலையிலுள்ளவனுக்கோ, பைத்துல் மால் எனும் பொதுக் கருவூலமே ஆகிலாவாகும். நாதியற்றவனுடைய பிழைக்கும் நாடு பொறுப்பேற்கிறது.

ஆகிலாவின் சட்டம் உயிர், உறுப்பு இழப்புக்கு மட்டுமே உரியது. பிள்ளை பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் பிள்ளையின் சொத்திலிருந்தே ஈடு தரப்படும். எனவே இச்சட்டத்தை அப்படியே பெயர்த்து இக்கால அரசாங்கத்தின்மீது ஏற்ற நாம் முற்படவில்லை. அதன் உள்ளே உறையும் காரணத்தையே எடுத்துக்கொள்கிறோம்: கண்காணிக்கத் தவறிய கூட்டம், கடன்பட்ட கூட்டம்.

அமெரிக்க நாட்டின் சோதனை

இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு, பொதுப்பணத்தால் சிறாரைத் திருத்தும் முயற்சியை நெடுங்காலம் செய்து பார்த்த ஒரு நாட்டை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியூயார்க் நகரில் 1825-இல் சிறாருக்கெனத் தனி அடைக்கல இல்லம் திறக்கப்பட்டது. 1899-இல் இல்லினாய் மாநிலத்தின் சிக்காகோ நகரில் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியது. அரசே பெற்றோரின் இடத்தில் நின்று பிள்ளையைத் திருத்தும் என்பது அதன் தத்துவம்.

தத்துவம் அழகியது, ஆனால் தந்தையின் இடத்தில் நின்ற அரசு தந்தையைப்போல் நடந்துகொண்டதா? 1964-இல் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்டு கால்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். வயது வந்தவர் ஒருவர் அக்குற்றத்தைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது மிஞ்சினால் இரண்டு மாதச் சிறை. சிறுவனுக்கோ 21 வயது வரை, அதாவது ஆறாண்டு வரை, அரசுத் திருத்தப்பள்ளி வாசம் விதிக்கப்பட்டது. வழக்கறிஞர் இல்லை, குற்றஞ்சாட்டிய பெண்மணி மன்றத்திற்கு வரவும் இல்லை. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தகர்த்தது. அன்பு என்ற பெயரால் நீதியை மறுக்கலாகாது என்பது அத்தீர்ப்பு உணர்த்திய பாடம்.

ஏழாண்டுகளுக்குப் பின், 1974 செப்டம்பரில், சிறார் நீதி மற்றும் சிறார் குற்றத் தடுப்புச் சட்டம் அதிபர் ஃபோர்டின் கையொப்பத்துடன் நிறைவேறியது. செனட்டர் பிர்ச் பேயின் உழைப்பு அதன் பின்னே இருந்தது. மாநிலங்களின் சிறைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் நேராக ஆணையிடும் வழியை மத்திய அரசு நாடவில்லை. “பணம் தருகிறோம், பெற விரும்பினால் எங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றது. பள்ளிக்குப் போகாமை, வீட்டைவிட்டு ஓடுதல், பெற்றோர் சொல் கேளாமை போன்ற, பிள்ளையாக இருப்பதாலேயே குற்றமாகும் செயல்களுக்காகச் சிறாரைப் பூட்டி வைக்கலாகாது என்பது முதல் நிபந்தனை. வயது வந்த கைதிகளின் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டாமல் சிறாரை வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. பெரியோர் சிறைகளிலிருந்து சிறாரை அறவே அகற்ற வேண்டும் என்பது 1980-இல் சேர்ந்தது. கறுப்பின, சிறுபான்மைப் பிள்ளைகள் மட்டும் மிகுதியாகப் பிடிபடுவது ஏன் என்று ஆராய்ந்து களைய வேண்டும் என்பது 1988-இல் தொடங்கி 1992-இல் உறுதிபெற்றது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு நிபந்தனை தவறினால் மானியத்தில் 20 விழுக்காடு குறையும். 2018-இல் சட்டம் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

ஆண்டுக்குச் சில கோடி டாலர்தான். அதனையும் ஐம்பது மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பெருஞ்செல்வம் படைத்த அம்மாநிலங்களுக்கு இது பெரும் பணமன்று. எனினும் அச்சிறு பணத்திற்காகப் பல மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின.

விலைக்கு வாங்கிய நன்மை

இங்கே ஒரு தத்துவக் கேள்வி எழுகிறது. பணத்திற்காகச் செய்த நன்மை நன்மையாகுமா? பிள்ளையைச் சிறையில் அடைப்பது அநீதி என்று உணர்ந்து விடுவிப்பவனும், மானியம் குறைந்துவிடுமே என்று விடுவிப்பவனும் ஒன்றா?

செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் என்று கற்றவர்கள் நாம். இருவரும் இறைவனிடம் ஒன்றல்லர் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுவிக்கப்பட்ட பிள்ளைக்கு இருவரும் ஒன்றே. ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியவர்களுக்கு உரியது என்பதை நாம் அறிவோம். பொருளைக் கொடுத்து உள்ளத்தைத் திருப்புவதை இஸ்லாம் இழிவெனத் தள்ளவில்லை. அதே சமயம், அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இப்பங்கைக் கேட்டு வந்த தலைவர்களை, இஸ்லாம் வலிமை பெற்றுவிட்டது என்று கூறி உமர் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்பதும் வரலாறு. பணம் நன்மைக்கு வாசலாகலாம். வாசலிலேயே காலமெல்லாம் நின்றுகொண்டிருப்பது நன்மை ஆகாது.

வாசலில் நிற்பவன் பொந்து தேடுவான் என்பதற்கும் அச்சட்டமே சான்று. ஓடிப்போன பிள்ளையைப் பூட்டலாகாது என்ற நிபந்தனையில் 1980-இல் ஒரு விலக்குப் புகுந்தது. “இனி ஓடாதே” என்று நீதிமன்றம் ஆணையிட்டு, அவ்வாணையைப் பிள்ளை மீறினால், அப்போது பூட்டலாம் என்பது அவ்விலக்கு. ஓடியதற்குப் பூட்டவில்லை, ஆணையை மீறியதற்கே பூட்டினோம் என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. ஃபிக்ஹு நூல்களில் ஹீலா எனப்படும் தந்திரத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 2018-ஆம் ஆண்டுச் சட்டமே அத்தகைய காவலை ஏழு நாட்களுக்கு மிகாதபடி வரையறுத்தது. வயோமிங் மாநிலமோ பல்லாண்டுகள் இத்திட்டத்தில் சேராமலே விலகி நின்றது. பணம் வேண்டாதவனைப் பணத்தால் கட்ட இயலாது.

தலைக்கு இவ்வளவு

பணம் எதற்காக அளந்து கொடுக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. இதில்தான் மாந்தரின் உள்ளம் வெளிப்படுகிறது.

ஒஹையோ மாநிலத்தில் 1990-களின் தொடக்கம் வரை இருந்த நிலையைக் கேளுங்கள். மாவட்ட நீதிபதி ஒரு சிறுவனை ஊரிலேயே வைத்துத் திருத்த முயன்றால் செலவு மாவட்டத்துடையது. மாநிலச் சிறார் இல்லத்திற்கு அனுப்பிவிட்டால் செலவு மாநிலத்துடையது. அனுப்புவது இலவசம், வைத்திருப்பதற்கோ செலவு. அந்நிலையில் இல்லங்கள் நிரம்பி வழிந்ததில் வியப்பென்ன? 1994-இல் ‘ரீக்ளெய்ம்’ என்னும் திட்டத்தைச் சில மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் பரப்பினர். மாநிலம் பணத்தை மாவட்டத்திடமே கொடுத்தது. சிறுவனை ஊரில் வைத்துத் திருத்தினால் அப்பணத்தை அதற்குச் செலவிடலாம், இல்லத்திற்கு அனுப்பினால் அதிலிருந்து கழியும் என்றது. அதே நீதிபதிகள், அதே ஊர், அதே பிள்ளைகள். ஆயினும் 2,500 அளவில் இருந்த எண்ணிக்கை பின்னைய இருபதாண்டுகளில் சுமார் 500-ஆகக் குறைந்தது. இதற்கு முன்பே, 1966 முதல், கலிஃபோர்னியா மாநிலம் தன் இல்லத்திற்கு அனுப்பாமல் தவிர்த்த ஒவ்வொருவருக்கும் 4,000 டாலர் வரை மாவட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்ததுண்டு.

இதன் மறுபக்கம் பெனிசில்வேனியா மாநிலத்தின் லூசர்ன் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அங்கே மாவட்டத்தின் சொந்தக் காப்பகம் மூடப்பட்டு, தனியார் காப்பகத்திற்குப் பொதுப்பணம் பாய்ந்தது. மார்க் சிவரெல்லா, மைக்கேல் கொனஹன் என்னும் இரு நீதிபதிகள் அத்தனியார் காப்பகத்தைக் கட்டியவரிடமும் அதன் பங்குதாரரிடமும் 28 இலட்சம் டாலர் பெற்றனர். பள்ளித் துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து இணையத்தில் எழுதிய ஒரு மாணவிக்குக்கூட மூன்று மாதக் காவல் விதிக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டபின், 2009-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார் தீர்ப்புகளைத் துடைத்தெறிந்தது. 2011-இல் சிவரெல்லாவுக்கு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அழிந்த குழந்தைப் பருவத்தை எந்த மன்றம் திருப்பிக் கொடுக்கும்?

பூட்டியிருக்கும் பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் பூட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்படுவர். இதற்கு லூசர்ன் நீதிபதிகளைப்போல் கொடியவர் ஆக வேண்டியதில்லை. நம்மைப்போன்ற நல்லவர்கள் நடத்தும் இல்லமாயினும், “இவ்வாண்டு பிள்ளைகள் குறைந்துவிட்டனர், மானியம் வராது” என்று ஒரு நொடி மனம் வாடினால், ஷைத்தான் அந்த நொடியிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறான்.

நல்லெண்ணம் போதுமா?

எண்ணம் தூயதாயினும் அறிவு வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் சிலர் 1976-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துவந்து, அவர்கள்மீது கத்தி, மிரட்டி, சிறையின் கொடுமையை உணர்த்தினால் திருந்துவர் என்று நம்பினர். 1978-இல் இதனைப் பற்றி வெளிவந்த படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. நாடெங்கும் இம்முறை பரவியது. ஆனால் அறிஞர்கள் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட சிறுவர்கள் மிரட்டப்படாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தது தெரியவந்தது. 2011-இல் அந்நாட்டு நீதித்துறையின் உயர் அலுவலர்களே இதனைக் கைவிடும்படி வெளிப்படையாக எழுதினர்.

மாறாக, மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த முயற்சியில் மிரட்டலும் இல்லை, சிறையும் இல்லை. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் 123 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல பாலர் பள்ளியும், வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கு வந்து தாயுடன் பேசுவதும் கிடைத்தன. அவ்வளவே. நாற்பது வயதில் கணக்கெடுத்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர் அவர்களுள் 36 விழுக்காடு. அப்பள்ளி கிடைக்காதவர்களுள் 55 விழுக்காடு. மற்றொரு கணக்கும் உண்டு. அந்நாட்டில் ஒரு சிறுவனைக் காவலில் வைக்க ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,14,620 டாலர் செலவாவதாக ‘ஜஸ்டிஸ் பாலிசி இன்ஸ்டிட்யூட்’ என்னும் நிறுவனம் 2020-இல் கணக்கிட்டது. வாசலுக்கு வந்து பேசும் ஆசிரியருக்கு இத்தனை செலவு இல்லை. ஆயினும் பூட்டுக்குக் கேட்காமலே கிடைக்கும் பணம், ஆசிரியருக்குக் கெஞ்சியே கிடைக்க வேண்டியிருக்கிறது.

அந்நாட்டில் ஒரு நாளில் காவலிலிருந்த சிறாரின் தொகை 2000-இல் 1,08,800 அளவில் இருந்தது. 2020-இல் 25,000 அளவாகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல. மானியம் மட்டுமே காரணமென்று சொல்வது மிகை. ஆனால் பிள்ளைகளைப் பூட்டாமலே நாடு நடக்க முடியும் என்பது இதனால் விளங்குகிறது.

கடன் என்று கொண்டால்

இப்போது நம் முதற் கேள்விக்குத் திரும்புவோம். இத்தனை குளறுபடிக்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. கொடுப்பவர் அதனைக் கொடை என்று எண்ணினார். பெறுபவர் வருமானம் என்று எண்ணினார். இருவருமே அதனைக் கடன் என்று எண்ணவில்லை.

கடன் என்று கொண்டால் என்ன மாறும்? முதலாவதாக, கொடுப்பவருக்குப் பெருமை இராது. கடனை அடைப்பவன் விழா எடுப்பதில்லை. அடைக்கத் தாமதமானதற்கு வெட்கப்படுவான். கருவூலம் நெருக்கடியில் இருக்கிறது என்று முதலில் இத்தொகையை வெட்டவும் துணியமாட்டான்.

இரண்டாவதாக, கணக்குக் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு வரும். இங்கே கடன் கொடுத்தவர் இருவர். பிள்ளையால் தீங்குற்றவர் ஒருவர். கண்காணிப்பு கிடைக்காமல் தவறிய பிள்ளை மற்றொருவர். எத்தனை படுக்கைகள் நிரம்பின என்பது கணக்கன்று. கண்ணிழந்தவருக்கு என்ன கிடைத்தது, பிள்ளை எத்தகைய மனிதனாகத் திரும்பினான் என்பதே கணக்கு.

மூன்றாவதாக, கடன் பணத்தால் மட்டும் தீராது. ஆகிலா ஈட்டைச் செலுத்தியது ஏன்? கண்காணிக்கத் தவறியதால். ஆகவே செலுத்தியபின் கண்காணிக்கத் தொடங்குவதே அதன் பயன். ஆண்டுதோறும் ஈட்டைச் செலுத்திவிட்டு ஆண்டுதோறும் அலட்சியமாக இருப்பவன் கடனை அடைக்கவில்லை. அலட்சியத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கூட்டமே சுமந்துவிட்டால் பிள்ளைக்குத் துணிச்சல் பிறக்காதா? “நான் உடைத்தால் ஊர் கொடுக்கும்” என்று எண்ணமாட்டானா? நியாயமான மறுப்பு இது. ஆனால் நம் அறிஞர்கள் தண்டனையை நீக்கினார்களேயன்றித் தஃதீப் என்னும் ஒழுக்கப் பயிற்சியை நீக்கவில்லை. பொருளைச் சேதப்படுத்திய பிள்ளையின் சொத்திலிருந்தே ஈடு என்னும் சட்டமும், உன் செயலுக்கு விளைவு உண்டு என்று அவனுக்குக் கற்பிக்கிறது. தீங்குற்றவர் முன் நிற்பதும், தன்னால் இயன்றதைத் திருப்பிக் கொடுப்பதும் பிள்ளைக்குரிய பங்கு. அவனால் இயலாததைச் சுமப்பது கூட்டத்தின் பங்கு. பிள்ளையைத் தள்ளிவிடுவது இருவரில் எவருடைய பங்கும் அன்று.

நம் வாசல்

அமெரிக்காவைப் பற்றி எழுதிவிட்டு எழுந்து போவது எளிது. ஆனால் ஆகிலாவின் காரணம் எல்லைக்கோடு பார்ப்பதில்லை; அது நம் மஹல்லாவையும் கேட்கிறது. எனவே நம்மைப் பற்றிய ஒன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் ஓதிக்கொடுத்த மத்ரஸாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உண்டியலிலிருந்து பணம் எடுத்துவிட்டான். தந்தை கடல் கடந்து போனவர். ஈராண்டாகக் கடிதமோ பணமோ இல்லை. நிருவாகத்தார் கூடிப் பெயரை நீக்கினர். மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்றார்கள். நாமும் அங்கே இருந்தோம். மறுத்துச் சொல்ல ஆதாரங்கள் நம்மிடம் இருந்தன. ஆகிலாவின் பாடத்தை அந்த ஆண்டும் நாம் நடத்தியிருந்தோம். ஆயினும் வாய் திறக்கவில்லை.

ஈராண்டு கழித்து, அவன் வேறொரு களவு வழக்கில் சிறார் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மஹல்லாவிலிருந்து எவரும் போய்ப் பார்க்கவில்லை. மனம் உறுத்தப் போனோம். நம்மை ஏசுவான் என்று எண்ணினோம். அவன் கேட்டது ஒன்றுதான்: “ஹஜ்ரத், நம்ம பசங்க இப்ப எத்தனாவது ஜுஸ்வு ஓதுறாங்க?” அவன் கணக்கில் அவன் இன்னும் நம் வகுப்பில்தான் இருந்தான். நம் பதிவேட்டில்தான் அவன் பெயர் இல்லை.

அவனைத் திருத்த அரசாங்கம் அங்கே பணம் செலவிட்டுக்கொண்டிருந்தது. உணவு, உடை, காவலர், அலுவலர் எல்லாவற்றிற்கும் கணக்கு இருந்தது. நாம் தர வேண்டியிருந்த ஒன்றுக்கு மட்டும் எந்தக் கருவூலத்திலும் தலைப்பு இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் பின்தங்கியதன்று. சிறாருக்கெனச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவிலேயே முதன்மை பெற்றது சென்னை மாகாணம், ஆண்டு 1920. இன்று நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் வைப்பதே கடைசி வழி என்று கூறுகிறது. நன்னடத்தை உறுதியின் பேரில் பெற்றோரிடமோ, பாதுகாவலரிடமோ, தகுதியுடைய ஒருவரிடமோ பிள்ளையை ஒப்படைக்கச் சிறார் நீதிக் குழுமத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. ‘வாத்சல்யா’ என்னும் திட்டத்தின் வழியாக மத்திய, மாநில அரசுகள் பணமும் ஒதுக்குகின்றன. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது; பணமும் ஓரளவு இருக்கிறது. “இப்பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கையெழுத்திட வரும் மனிதர்தான் அரிதாகிவிட்டார். ஜமாஅத்தின் செலவுக் கணக்கில் மினாராவின் வண்ணத்திற்கும் கந்தூரிச் சோற்றுக்கும் வரி இருக்கிறது. காவலில் இருக்கும் நம் பிள்ளையைப் போய்ப் பார்க்கும் பேருந்துக் கட்டணத்திற்கு ஒரு வரி இருக்கிறதா?

பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் போதனை. பெற்றோர் இல்லாதபோதும், இருந்தும் இயலாதபோதும், அமானத் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அடுத்திருப்பவர் கைக்கு வருகிறது. ஊரில் ஒருவரும் ஏற்காவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்பதே ஃபர்ளு கிஃபாயாவின் பொருள். ஜனாஸாவைச் சுமக்க மட்டுமே அச்சட்டத்தை நாம் நினைவுகூர்கிறோம். உயிரோடிருக்கும் பிள்ளையைச் சுமக்கவும் அதுவே சட்டம்.

ஆகவே, அடுத்த முறை நம் தெருவில் ஒரு பிள்ளை பிழை செய்தால், “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்குமுன், “இவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?” என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. பதிவேட்டிலிருந்து நாம் நீக்கிய பெயர்களைப் பற்றி நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படும்போது, விடை சொல்லும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் இன்றே நமக்கு அருள்வானாக. ஆமீன்.